இருபதாவது கட்டம்

2-11-2020, திங்கள்

என் பெயர் சென்னியப்பன்.

3-11-2020, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். அதேதான் இருக்கிறது.

5-11-2020, வியாழன்

என் வயது அறுபத்தேழு. பள்ளியில் மணி அடிப்பது என் வேலை. பெருக்குவதும் என் வேலை. இன்று எட்டு அறைகளைப் பெருக்கினேன். யாரும் வராத அறையிலும் குப்பை சேருகிறது.

8-11-2020, ஞாயிறு

இன்று நீளமாக எழுதப் போகிறேன். என் வீட்டுக்காரி பாவாயி மதியச் சோறு போடும் வரை எழுதலாம் என்று இருக்கிறேன்.

நான் எழுதுகிற இந்தப் புத்தகம் ஒரு வருகைப் பதிவேடு. இந்த வருடம் வருகையெல்லாம் போனிலேயே பதிவாகிவிடுகிறது என்று, புதிதாக வாங்கிய பதிவேடுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னார் தாளாளர். ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பக்கம் முழுதும் கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அதனால் என் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையில் நிற்கின்றன.

நான் எழுதப் படித்த கதை இது. மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். ஜூலையில் போன் வழியாக வகுப்பு ஆரம்பித்தது. இரண்டாவது வாரமே தனிஷ்க் என்ற பையனின் அம்மா தாளாளரைக் கூப்பிட்டு, "மணிச் சத்தமே இல்லீங்களே சார், பள்ளிக்கோடங்கற நெனப்பே வர மாட்டீங்குது" என்று சொன்னாராம். தாளாளர் ஈஸ்வரமூர்த்தி சார் அன்றே என்னை வரச் சொல்லி, அலுவலகத்தில் கிடந்த பழைய போனைக் கையில் கொடுத்தார். அது ஒன்றாம் வகுப்பு பி பிரிவில் நாள் முழுதும் சேர்ந்தே இருக்க வேண்டும். பீரியட் தொடங்கும்போதும் முடியும்போதும் மைக்கைத் திறந்து மணி அடிக்க வேண்டும். மீதி நேரம் மைக்கும் கேமராவும் மூடியிருக்க வேண்டும்.

"மத்த வகுப்புக்குங்க சார்?" என்றேன்.

"மத்த வகுப்புல எவனும் கேக்கலயே" என்றார்.

எங்கள் மணி ஒரு தண்டவாளத் துண்டு. 1-பி அறை வாசலில் தொங்குகிறது. போனை முதல் பெஞ்சில் ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, மணி தவறிவிடக் கூடாதே என்று அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். குழந்தைகளின் பெஞ்சு. முழங்கால் தாடையைத் தொடும்.

போனுக்குள் இந்திராணி மிஸ் அவர்கள் வீட்டிலிருந்து பாடம் நடத்தினார்கள். சமையலறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறதாம். கரும்பலகை இல்லாததால் தோசைக்கல்லைச் சுவரில் சாய்த்து, சாக்பீஸால் அதில் எழுதினார்கள். சில நாள், "கல்லு இன்னும் சூடா இருக்குது கண்ணுங்களா, அஞ்சு நிமிசம் பாட்டுப் பாடலாம்" என்பார்கள். நான் உட்கார்ந்த முதல் நாள் 'அ' எழுதிவிட்டு, "எல்லாரும் கையத் தூக்கிக் காத்துல எழுதுங்க பாக்கலாம்" என்றார்கள். குழந்தைகள் எழுதினார்களா என்று தெரியவில்லை. நான் எழுதினேன். மணி அடிக்கிற இரும்புக் கம்பி கையில் இருந்தது, அதைக் கொண்டே எழுதினேன்.

அன்று மணி நான்கு நிமிடம் தாமதம். யாரும் புகார் சொல்லவில்லை.

சோறு ஆகிவிட்டது.

12-11-2020, வியாழன்

"இந்த வயசுல அ ஆ எழுதி எந்த ஆபீசுக்குப் போறீங்க?" என்று பாவாயி கேட்டாள். அவள் பெயரை எழுதிக் காட்டினேன்.

"இதுல எது நானு?"

"மூணெழுத்தும் நீதான்."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "கோணையா இருக்கறேன்" என்றாள்.

17-11-2020, செவ்வாய்

இன்று இந்திராணி மிஸ் பள்ளிக்கு நேரில் வந்தார்கள். முகக்கவசம் போட்டிருந்ததால் யாரோ பெற்றோர் என்று நினைத்து, "ஆபீசு பூட்டியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"நாந்தானுங்கய்யா" என்றார்கள்.

1-பி அறைக்குள் போனவர்கள் முதல் பெஞ்சில் என் சிலேட்டைப் பார்த்துவிட்டார்கள். அதில் நேற்றைய பாடம் முழுதும் இருந்தது.

"இது யாரு எழுதுனதுங்கய்யா?"

அறுபத்தேழு வயதில் கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டேன். மிஸ் சிலேட்டைக் கையில் எடுத்து, என் 'ழ'வின் காலைச் சரி செய்தார்கள். பிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்தார்கள். வந்த விஷயத்தைச் சொன்னார்கள்.

தாளாளர் உத்தரவு போட்டிருக்கிறார். போனில் ஒரு குழந்தைக்கு ஒரு கட்டம்; இருபது கட்டம் தெரியாத பிரிவு அவருக்கு வேண்டாம். ஏ பிரிவையும் பி பிரிவையும் சேர்த்துவிடுவார். ஒரு மிஸ் போதும். பி பிரிவில் இருபது பேர் இருந்தார்கள். வர்ணிகா என்ற பெண்குழந்தையின் குடும்பம் எடப்பாடிப் பக்கம் போய்விட்டது. அங்கேயே அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

"நான் சார்கிட்ட இன்னும் சொல்லலீங்கய்யா. சொன்னா பத்தொம்போது. அந்த போன்ல ஆபீசுன்னு பேர் வருதில்லீங்க, அத வர்ணிகான்னு மாத்தி வெச்சுக்கலாங்களா? நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

மிஸ்ஸின் வீட்டுக்காரர் எங்கள் பள்ளி வேன் ஓட்டுபவர். வேன் மார்ச்சிலிருந்து மைதானத்தில் நிற்கிறது. வாரம் ஒரு முறை நான்தான் துடைக்கிறேன்.

"சும்மா இருக்க மாட்டேனுங்க மிஸ்" என்றேன். அவர்கள் முகம் மாறிப்போனது. "வீட்டுப்பாடமும் எழுதோணுமுங்க" என்றேன்.

18-11-2020, புதன்

இன்று வருகை எடுத்தார்கள். "வர்ணிகா" என்று கூப்பிட்டதும் மைக்கைத் திறந்து மணி அடித்தேன். குரல் கொடுத்தால் மீசை தெரிந்துவிடும்.

"வர்ணிகா வீடு ஸ்கூலுக்குப் பக்கத்துலங்களா மிஸ்?" என்று ஒரு குழந்தை கேட்டது. குழந்தைகள்தான் இப்படியெல்லாம் கேட்கின்றன. தாளாளர் கேட்கவில்லை. அவர் கூட்டிப் பார்க்கிறவர், பிரித்துப் பார்க்க மாட்டார்.

26-11-2020, வியாழன்

புயல் மழை. 3-ஏ அறை ஒழுகுகிறது. பக்கெட் வைத்தேன்.

வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். தனிஷ்கின் பாடம் மிஸ் சொல்லி முடித்த மூன்றாவது நிமிடம் வந்துவிடுகிறது. கல்யாணப் பத்திரிகை அச்சடித்தது போல எழுத்து. மற்றவர்களும் அப்படித்தான். ஆறு வயதில் இப்படி எழுதுகிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு போட்டோவின் ஓரத்தில் தனிஷ்கின் கை தெரிந்தது. மருதாணி, ஏழு வளையல். இந்தக் காலத்தில் பையன்களும் போடுகிறார்கள் போலிருக்கிறது.

14-12-2020, திங்கள்

தாளாளர் எல்லா வீட்டுப்பாடத்தையும் பார்த்துவிட்டு, மிஸ்ஸுக்குக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். மிஸ் அதை எனக்குப் போட்டுக் காட்டினார்கள்.

"பத்தொம்போது நோட்டும் பிரிண்ட் போட்ட மாதிரி இருக்குதுங்க மிஸ். பெருமையா இருக்குது. அந்த வர்ணிகா மட்டும் கோழி கிண்டுன மாதிரி எழுதுது. அதுக்கு என்ன கவனிப்புக் குடுக்கறீங்க? தெனமும் அரை மணி நேரம் தனி வகுப்பு எடுங்க. நானே செக் பண்ணுவேன்."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தனி வகுப்பு.

23-12-2020, புதன்

தனி வகுப்பு நான்கு மணிக்கு. குழந்தைகள் இல்லாததால் நானும் மைக்கைத் திறந்து பேசலாம். ஒற்றெழுத்து, கூட்டெழுத்து எல்லாம் முடிந்துவிட்டது. பேசுவது போல எழுதக் கூடாது, புத்தகத்தில் இருப்பது போல எழுத வேண்டும் என்று மிஸ் முதலிலிருந்தே வகுப்பில் சொல்வார்கள். அதனால்தான் இங்கே இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன்.

இன்று பாதி வகுப்பில் போன் ஓரத்தில் அவர்கள் வீட்டுக்காரர் தெரிந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்னுங்க சென்னியண்ணா, நம்ம வண்டி எப்படி இருக்குது?" என்றார். "நல்லா இருக்குதுங்க. அடியில நாய் குட்டி போட்டிருக்குது" என்றேன். அதற்குப் பிறகு அவர் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4-1-2021, திங்கள்

பரீட்சை. கேள்வித்தாள் போனில் வந்தது. ஒரு மணி நேரம். எனக்கு முக்கால்வாசிதான் எழுத முடிந்தது.

8-1-2021, வெள்ளி

மதிப்பெண் வந்துவிட்டது. ஐம்பதுக்கு இருபத்தொன்பது. மிஸ் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார்கள். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

"மத்த புள்ளைங்க?" என்று பாவாயி கேட்டாள்.

"பத்தொம்பதும் அம்பது."

"அப்ப நீங்க கடைசி."

"இருபதாவது ராங்க்" என்றேன்.

அவள் சர்க்கரைப் பொங்கலை ஆறு நாள் முன்னாலேயே வைத்துவிட்டாள்.

8-2-2021, திங்கள்

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று, தங்கள் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் நாளிதழ் வாசிக்கிறார்கள் என்று தட்டி வைத்திருக்கிறது. தாளாளர் அதன் எதிரில் காரை நிறுத்தி முழுதும் படித்தாராம். இன்று அறிவிப்பு வந்தது. வரும் 20ஆம் தேதி சனிக்கிழமை வாசிப்புத் திருவிழா. எல்லாப் பெற்றோரும் போனில் பார்க்க, கேமராவைத் திறந்து வைத்து ஒன்றாம் வகுப்பு பி பிரிவுக் குழந்தைகள் வாசிக்க வேண்டும். பி பிரிவு ஏன் என்றால், ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியவர்கள் அங்கேதான் அதிகம்.

மிஸ் என்னைக் கூப்பிட்டார்கள். "அய்யா, நீங்க அன்னிக்கு கேமராவத் தொறக்காதீங்க. வர்ணிகாவுக்கு அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லிக்கறேன்."

"மத்த குழந்தைங்க படிச்சிருவாங்களா மிஸ்?"

"எறும்புப் பாடத்த எல்லா அம்மாவும் மனப்பாடம் பண்ண வெக்கறாங்க. படிக்கறதா, ஒப்பிக்கறதான்னு போன்ல தெரியாதுங்கய்யா."

அப்போதுதான் எனக்கு வளையல் கை நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. கூட்டெழுத்தும் அப்படித்தான் வந்தது.

20-2-2021, சனி

திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு மணி அடித்தேன். திருவிழா தொடங்கியது. தாளாளர் கோட்டுப் போட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, போனுக்குள் பேசினார். நான் பத்தடி தள்ளி 1-பி அறையில் இருந்தேன். அவர் குரல் சுவர் வழியாக ஒரு முறையும், போன் வழியாக ஒரு முறையும் வந்தது.

முதலில் தனிஷ்க். எறும்புப் பாடத்தைக் கணீரென்று சொன்னான். எல்லாரும் போனில் வருகிற மஞ்சள் கைப் படத்தால் தட்டினார்கள். அவன் கையில் புத்தகம் தலைகீழாக இருந்ததை ஏதோ ஒரு வீட்டில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. தாளாளர் சிரிக்கவில்லை.

"அந்தப் பாடம் வேண்டாம்" என்றார். மேசையிலிருந்த நாளிதழை எடுத்துக் கேமரா முன்னால் பிடித்தார். "எங்க, இந்தச் செய்தியப் படிங்க. தனிஷ்க் கண்ணு, நீயே."

தனிஷ்க் அம்மாவைப் பார்த்தான். அம்மா கூரையைப் பார்த்தார்.

அடுத்த குழந்தை எறும்புப் பாடத்தையே மறுபடியும் சொன்னது. அதற்கு அடுத்தது அழுதது. ஒரு வீட்டில் கரண்ட் போய்விட்டது, ஆனால் மின்விசிறி மட்டும் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. பத்தொன்பது பேரையும் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் ஒரு வார்த்தை படிக்கவில்லை.

"இந்திராணி மிஸ்" என்றார் தாளாளர். "எட்டு மாசமா என்னங்க சொல்லிக் குடுத்தீங்க?"

மிஸ் தோசைக்கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பெற்றோர்கள்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். தப்பு எங்கன்னு எல்லாரும் பாத்துட்டீங்க. திங்கக்கெழமை மிஸ் ஆபீசுக்கு வந்து என்னப் பாக்கட்டும். பி பிரிவப் பத்தி அன்னிக்கே முடிவு பண்ணிர்றேன்."

மிஸ் என்னிடம் சொன்னது நினைவிருந்தது. கேமராவைத் திறக்கக் கூடாது. திறந்தேன்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கியிருக்குதுங்க சார்" என்றேன். "நான் படிக்கறேனுங்க."

கட்டத்தின் கீழே வர்ணிகா என்று இருந்தது. மேலே நான் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. தாளாளர் நாளிதழைக் கீழே வைக்க மறந்துவிட்டார். அது அவர் கையில் அப்படியே இருந்ததால் நான் படித்தேன். விரலைப் போன் கண்ணாடியில் வைத்து, எழுத்து எழுத்தாக. 'தொடக்கப் பள்ளிகளை எப்போது திறப்பது என்பது பற்றி இன்னும் முடிவு எடுக்கப்படவில்லை.' எடுக்கப்படவில்லை என்ற சொல்லில் இரண்டு முறை நின்றேன். கண்ணாடியில் விரல் பட்டதில் ஒரு முறை கேமரா மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்து விட்ட இடத்திலிருந்து படித்தேன். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "சென்னி, நீயா?" என்று சுவர் வழியாக ஒரு முறையும், போன் வழியாக ஒரு முறையும் கேட்டது.

"உள்ளேனுங்க சார்" என்றேன்.

தனிஷ்கின் அம்மாதான் முதலில் பேசினார். "சார், அந்தத் தாத்தா படிக்கறாரு, எம்பையன் படிக்க மாட்டீங்கறான். ரெண்டு பேருக்கும் ஒரே மிஸ்தானுங்களே." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுப்பாடமெல்லாம் நாந்தேன் எழுதுனனுங்க."

"எங்கூட்லயும் நாந்தானுங்க" என்றது இன்னொரு கட்டம். பிறகு எல்லாக் கட்டத்திலும் சத்தம். மிஸ்ஸை மட்டும் மாற்றக் கூடாது என்று நான்கைந்து பேர் சொன்னது கேட்டது.

தாளாளர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "பெற்றோர்களே, இது நம்ம பள்ளியோட முதியோர் கல்வித் திட்டம். ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தோம்" என்றார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்பதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பிறகு மணி அடித்தேன்.

22-2-2021, திங்கள்

காலையில் தாளாளர் கூப்பிட்டார். மிஸ்ஸும் இருந்தார்கள். மிஸ்ஸை ஒன்றும் செய்ய முடியாது, பெற்றோர்கள் விடமாட்டார்கள் என்று அவரே சொன்னார். ஆனால் கணக்கு கணக்குதான்.

"வர்ணிகா போச்சு. நீ இருந்தா இருபது, இல்லீன்னா பத்தொம்போது. பத்தொம்போதுன்னா பிரிவு இல்ல. ஆனா சென்னி, ஒரே ஆளு வேலைக்காரனாவும் இருந்துட்டு மாணவனாவும் இருக்க முடியாது. நாளைக்கு எவனாவது கேப்பான். எதாவது ஒண்ணு சொல்லு."

"சார், அவரு முப்பது வருசமா..." என்று மிஸ் ஆரம்பித்தார்கள்.

"படிக்கறனுங்க சார்" என்றேன். மிஸ் முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன்.

"நல்லா யோசிச்சுக்க."

"அந்த போன மட்டும் எங்கிட்டயே குடுத்துருங்க."

"வெச்சுக்க. கட்டம் காலியா இருக்கக் கூடாது" என்றார்.

மணிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவர் தன் போனை எடுத்துக்கொண்டு என்னோடு வாசலுக்கு வந்து, "ஒரு வாட்டி நல்லா அடி" என்றார். அடித்தேன். பதிவு செய்துகொண்டார். இனி அதுவே நேரத்துக்கு அடித்துக்கொள்ளுமாம். முப்பது வருட வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது.

எட்டுச் சாவியும் கொடுத்தேன். இடுப்பு லேசாக இருக்கிறது.

வாசலில் மிஸ் முகக்கவசத்தை மேலே இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எட்டு மாதம் சாக்பீஸ் தூசியிலேயே இருந்தவர்கள். கண் எரியத்தான் செய்யும்.

23-2-2021, செவ்வாய்

மாணவனாகிவிட்டேன் என்று நேற்று பாவாயியிடம் சொன்னேன். அதிலிருந்து அவள் பேசவில்லை. பல்வலி என்று நினைக்கிறேன்.

27-2-2021, சனி

பள்ளி வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் என் படம். மீசையைக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். கீழே, 'எங்கள் மாணவர் திரு. சென்னியப்பன், வயது 67. சேர்க்கை நடைபெறுகிறது.' முழுதும் நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. வழியில் போனவர் ஒருவர், "என்ன போட்டிருக்குதுங்க?" என்று கேட்டார். அவருக்கும் படித்துச் சொன்னேன்.

வேனை யாரும் துடைக்கவில்லை. உள்ளே போய்த் துடைத்துவிட்டு வந்தேன். மாணவர்கள் துடைக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

1-3-2021, திங்கள்

பாவாயி விடியற்காலையில் எழுந்து மில்லுக்குக் கடலை உரிக்கப் போனாள். வீட்டிலிருந்தால் பொழுது போகவில்லையாம். போகும்போதுதான் வாயைத் திறந்தாள். "நல்லாப் படிங்க" என்றாள். அவள் தூக்குப் பாத்திரத்தில் அவள் பெயரை எழுதி ஒட்டிக் கொடுத்தேன். இந்த முறை கோணை இல்லை.

ஒன்பதரைக்கு வீட்டில் பலகை போட்டு உட்கார்ந்தேன். போன் டம்ளரில். மிஸ் வந்தார்கள். தோசைக்கல் வந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். இப்போது தனிஷ்க் தானே எழுதுகிறான். கோழி கிண்டியது போல இருக்கிறது. நன்றாக வருவான்.

பிறகு மணி அடித்தது. நான் அடித்த மணிதான். ஆனால் மணிக்கு முன்னால் அதில் ஓர் இருமல் கேட்கிறது. அன்று வாசலில் காற்று அதிகம், அடிப்பதற்கு முன் இருமியிருக்கிறேன். இனி தினமும் எட்டு முறை அந்த இருமலும் வரும். குழந்தைகள் கவனிக்கவில்லை. மிஸ் மட்டும் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, திரும்பி, கட்டங்களில் என்னைத் தேடினார்கள்.

கேமராவைத் திறந்து கையைத் தூக்கிக் காட்டினேன்.